சலவைக்குப் போன கீபோர்டுகள்

என் தம்பிக்கு அழுக்கைக் கண்டால் கை பரபரக்கும். அது நல்ல குணம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அவனோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நாங்கள் இருவரும் வேலை செய்வது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஹோட்டல் துண்டு, தலையணை உறை என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். தம்பி சலவை மெஷின் ஓட்டுகிறான். நான் இஸ்திரிப் பிரிவில் நீராவியில் வெந்துகொண்டு நிற்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டுச் சிரித்த முகமாக இருப்பவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்.

எனக்கு ஒரே மகள். அவளைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் குடைச்சல் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து கேள்விதான். சோப்பு ஏன் நுரைக்குது, நீராவி எங்க போகுது, ஆஸ்பத்திரி விரிப்புல படுத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களா? ஒருநாள் பொறுமை போய், "சும்மா இருடி, குடைச்சல்!" என்று கத்தினேன். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் நேராக இங்கேதான் வருவார்கள். வீட்டில் ஆள் ஏது? எல்லா வீட்டு ஆட்களும் இங்கே நிற்கிறோமே. துணிக் குவியலில் ஏறிக் குதிப்பதும், நான் கத்துவதும், மறுபடி ஏறுவதுமாகப் பொழுது போகும். அவர்கள் பள்ளியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது தலைமை ஆசிரியர் அறையில், பூப்போட்ட உறைக்குள் இருந்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, "இதுதான் கம்ப்யூட்டர்" என்று அந்த உறையைக் காட்டி அனுப்பிவிடுவார்களாம். என் மகளுக்கு உறையில் இருந்த பூ ஒவ்வொன்றும் மனப்பாடம். உள்ளே என்ன இருக்கிறதென்று மட்டும் தெரியாது.

இந்தக் கதை எப்படியோ ஓர் அறக்கட்டளை ஆட்கள் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் வந்து பார்த்தார்கள், முதலாளியிடம் பேசினார்கள். கிழிந்த விரிப்புகளைப் போட்டுவைத்திருந்த பின்அறையை அவர் காலி செய்து கொடுத்தார். பழைய இஸ்திரி மேசைகளின் மேல் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. சொல்லிக்கொடுக்க ஒரு பையன் வந்தான். எங்கோ ஓர் ஆபீஸில் வேலை முடித்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வருவான். ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காமல் இருந்ததால் அவனுக்குச் சின்ன சார் என்று பெயர். நல்ல பிள்ளை. ஆனால் என் மகள் கையைத் தூக்கினாலே அவன் முகம் வெளிறிவிடும்.

"சார், பட்டனை அழுத்துனா அதுக்கு எப்படி சார் தெரியும், எந்த எழுத்துன்னு? அது படிக்குமா?"

"படிக்காதும்மா. எழுத்து நமக்குத்தான். அதுக்குத் தெரிஞ்சது இடம் மட்டும்தான். இந்த இடத்துல அழுத்துனா இந்த எழுத்துன்னு உள்ள ஒரு அட்டவணை இருக்கு."

"அந்த அட்டவணையை நாம மாத்தலாமா சார்?"

"மாத்தலாம்... இப்போ வேணாம்மா. மத்தவங்களும் கேக்கணும்ல?"

நான் பக்கத்து அறையில் தலையணை உறை தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், அவனாவது கொஞ்ச நேரம் மாட்டட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் வேறு தொல்லை. சட்டையை மடிக்கும்போது உள்ளே ஓர் அட்டை வைப்போம் இல்லையா, அந்த அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, அதில் கட்டம் கட்டமாகப் போட்டு எழுத்துகளை எழுதிவைத்துக்கொண்டாள். ராப்பகல் அதைத் தட்டிக்கொண்டே இருப்பாள். சோறு வெந்தாலும் டக் டக், நான் கண்ணயர்ந்தாலும் டக் டக். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு!

"அட்டையைத் தட்டுனா என்னடி வரும்?"

"சின்ன சார் பாக்காமலே அடிக்கிறாரும்மா. நானும் அடிக்கணும்."

"நாளைக்கு அதை அடுப்புல போடறேன் பாரு" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் அடுப்பில் போடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சின்ன சார் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். அறக்கட்டளையின் பெரிய மேடம் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்க்கிறாராம். பிள்ளைகள் உருப்படியாகப் பயன்படுத்துகிற இடத்தில் மெஷின்கள் இருக்குமாம். சும்மா கிடக்கிற இடத்திலிருந்து எடுத்து, காத்திருக்கிற வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அடுத்து எங்கள் முறை.

அன்றிலிருந்து என் மகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒன்றுகூடக் கேட்கவில்லை. சலவைக்கூடத்தில் ஆளாளுக்கு என்னிடம் வந்து, "என்னக்கா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். முதலாளியே ஓர் ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பின்அறை வாசலில் நின்று மெஷின்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் எரிச்சலாக இருந்த எனக்கு, அவள் கேட்காமல் இருந்தது தாங்கவே முடியவில்லை. அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் இவள் திரும்ப அந்தப் பூப்போட்ட உறையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

மேடம் வருகிற நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். அறையைக் கூட்டித் துடைக்கப் போன என் தம்பி, கீபோர்டு ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, இதப் பாருக்கா! மேடம் இந்தக் கோலத்துலயா பாக்கணும்? நம்ம மானம் என்ன ஆவறது?"

பிள்ளைகள் கை பட்டு அது கறுத்துத்தான் போயிருந்தது. இடுக்கில் பென்சில் தூள், பிஸ்கட் தூள், என்னென்னவோ.

"டேய், கரண்டு சாமான்டா. கை வைக்காத."

"ஒயரைக் கழட்டிட்டேன்க்கா. மேல இருக்கற பட்டன் மட்டும்தான் வெளுக்கப் போறேன். தனியா வருது பாரு." நெம்பிக் காட்டினான். வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டரின் வெள்ளைக் கோட்டிலிருந்து ஹோட்டல்காரரின் மேசை விரிப்புவரை அவன் கையில் வந்து அழுக்கோடு திரும்பிய சாமான் கிடையாது. அது உண்மைதான், சும்மா சொல்லக்கூடாது. எல்லா கீபோர்டுகளின் எழுத்துப் பட்டன்களையும் கழற்றி, சின்னச் சின்னச் சாக்ஸ் துவைக்கிற வலைப்பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி உலர்த்தினான். அடிப்பலகையைத் துணியால் துடைத்தான். பட்டன்கள் பல்லுமாதிரி வெள்ளைவெளேர் என்று மின்னின. எனக்கே பெருமையாக இருந்தது.

திரும்ப மாட்டும்போதுதான் வந்தது வினை.

"எது எங்கடா இருந்துச்சு?" என்றேன்.

"அதைத்தான்க்கா சொல்ல வந்தேன். முன்னாடியே எல்லாம் கலைஞ்சு கிடந்துச்சு. க்யூவுக்குப் பக்கத்துல டபிள்யூ. ஏவுக்குப் பக்கத்துல எஸ். எங்கயாவது உண்டா?"

எங்கள் இருவர் போனிலும் எண் பட்டன்தான். கம்ப்யூட்டர் கீபோர்டை உற்றுப் பார்க்க எங்களுக்கு நேரம் எங்கே இருந்தது? அவன் கழற்றாமல் விட்ட மேல் வரிசையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் ஒழுங்காக இருந்தன. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"மேல் வரிசை கம்பெனிக்காரன் வெச்சது. கீழ நம்ம வீட்டுக் குடைச்சலோட கைவேலை. பிரிச்சுப் பாத்துட்டு மாத்தி மாட்டியிருக்கா."

"எல்லா கீபோர்டுலயுமாக்கா? எல்லாத்துலயும் ஒரே மாதிரி கலைஞ்சிருந்துச்சே."

"அவ அப்படித்தான்டா. ஒண்ணைக் கெடுத்தா, மத்ததையும் அதே மாதிரி ஒழுங்கா கெடுத்து வெப்பா. வீட்டுல அட்டையிலகூட இப்படித்தான் தப்புத் தப்பா எழுதி வெச்சிருக்கா."

எனக்குப் பகீரென்றது. மேடம் வந்து பார்த்து, பிள்ளைகள் சாமானைப் பாழாக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால்? அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுவார்களே! கைவேலையை எல்லாம் போட்டுவிட்டு, நானும் தம்பியும் உட்கார்ந்து ஏ, பி, சி, டி என்று வரிசையாக மாட்டினோம். துணியைப் பிரித்து வரிசைப்படுத்துவது எங்களுக்குப் பழக்கமான வேலை. ஓர் எழுத்துக்கூடத் தப்பவில்லை. வேலை முடிந்ததும் தம்பி ஒரு தட்டுத் தட்டி, "இப்பதான் கண்ணுக்கு லட்சணமா இருக்கு" என்றான்.

சாயங்காலம் பிள்ளைகள் பையோடு வந்து இறங்கவும், மேடத்தின் கார் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. மேடம் நல்ல மாதிரிதான். எல்லோரையும் கைகூப்பி விசாரித்தார். அறைக்குள் போனதும் அவர் கண் முதலில் போனது கீபோர்டுகள் மேல்தான். குனிந்து பார்த்தார். அவர் முகம் வாடியது.

"ரொம்பப் புதுசா இருக்கே. யாரும் தொடறதில்லையா?"

என் தம்பி அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டான். "ஆமா மேடம்! ஒரு தூசி படாம பாத்துப் பாத்து வெச்சிருக்கோம்" என்றான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எனக்கு அவனை அந்த வலைப்பையிலேயே போட்டு அலசவேண்டும்போல இருந்தது.

"நிறைய இடத்துல இப்படித்தான். பூட்டி வெச்சிடறாங்க" என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சின்ன சார் பதறிப்போய், "இல்ல மேடம், பிள்ளைங்களே செய்து காட்டுவாங்க" என்று மெஷினைப் போட்டான். அவன் வழக்கம்போல் கீழே பார்க்காமல், மேடத்தின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினான். பட்டன் மாறியிருப்பது அவனுக்குத் தெரியவில்லை. திரை திறந்தது. "நீ வாம்மா" என்று என் மகளைக் கூப்பிட்டான்.

அவள் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிவைத்திருந்தாள். திரையில் ஒரு துணிக்கொடி இருக்கும். நாம் அடிக்கிற எழுத்து ஒவ்வொன்றும் துணிமாதிரி கிளிப் மாட்டிக்கொண்டு அதில் தொங்கி ஆடும்.

"உங்க பேர் சொல்லுங்க மேடம். காயப் போடறேன்" என்றாள். மேடம் சொன்னார். பயத்தில் அவள் கண் கீழேயே இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள்.

கொடியில் வேறு எழுத்துகள் தொங்கின. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே கோளாறு. பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு மெஷினில் தங்கள் பெயரை அடித்துப் பார்த்துவிட்டுத் திருதிருவென விழித்தார்கள். ஒரு பயல் தன் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, "யார்ரா இவன்?" என்றான்.

"பரவாயில்லம்மா. இன்னும் கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்" என்றார் மேடம். அந்த அன்பான குரல்தான் எனக்கு ஈரக்குலையைப் பிடித்து இழுத்தது. திட்டினால்கூடப் பதிலுக்குச் சண்டை போடலாம். அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் என் மகள் கீபோர்டைச் சரியாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து தன் மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தான். நான் கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

சின்ன சாரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஐயோ! இதை யாரு... மேடம், பட்டனை எல்லாம் மாத்திட்டாங்க. திரும்ப மாட்டிட்டா சரியாயிடும். கொஞ்சம் நேரம் குடுங்க."

"எனக்கு அடுத்த இடத்துக்குப் போகணுமேப்பா. காத்திட்டு இருப்பாங்க" என்று மேடம் வாசல் பக்கம் திரும்பினார்.

என் மகள் எழுந்து ஓடினாள். அழத்தான் ஓடுகிறாள் என்று நான் பின்னால் போகப் பார்த்தேன். அவளோ என் இஸ்திரி மேசைக்குப் போய், அப்போதுதான் தேய்த்து அடுக்கியிருந்த தலையணை உறை ஒன்றை உருவிக்கொண்டு ஓடிவந்தாள். கீபோர்டின் மேல் அதை விரித்தாள். இரண்டு கையையும் உறைக்கு அடியில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டக் டக் டக் டக்.

கொடியில் மேடத்தின் பெயர் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் தொங்கியது.

மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் அவள். உறைக்கடியில் கை மறுபடி ஓடியது. திரையில் ஏதேதோ வரிகள் வந்தன. சின்ன சார் உதவிக்குக் கையை நீட்டினான். "இருங்க சார், அந்த அட்டவணைதான்" என்று முழங்கையால் தள்ளிவிட்டாள். ஓர் இடத்தில் தப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள்.

கடைசியில் உறையை எடுத்துவிட்டு, "இப்போ நீங்க பட்டனைப் பாத்து அடிங்க மேடம்" என்றாள். "பட்டன் மாறிப் போச்சுன்னா, அதுக்கேத்த மாதிரி அட்டவணையை மாத்திக்கலாம். சார் அன்னைக்கே சொன்னார்."

மேடம் ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். ஏ என்றால் ஏ தொங்கியது, பி என்றால் பி. என் தம்பி கைதட்டிவிட்டான். முதல் ஆளாகக் கைதட்ட அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, சொல்லுங்கள்!

"பாக்காம அடிக்க எங்கம்மா கத்துக்கிட்டே? வாரத்துல ரெண்டு நாள்தானே வகுப்பு?"

"வீட்டுல மேடம்."

"வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?"

"இல்ல மேடம். அட்டை இருக்கு."

பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். மேடம் இரண்டு கையாலும் வாங்கினார். நானும் அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். ஓரமெல்லாம் நைந்து, விரல் பட்ட இடமெல்லாம் கறுத்து, நடு வரிசையில் எழுத்துகளே தேய்ந்து காணாமல் போயிருந்தன. கறுப்புத் தடம் மட்டும்தான் இருந்தது. அந்த அட்டையை என் தம்பி கண்ணில் காட்டாமல் வைத்திருந்தாளே, அதற்கே அவளுக்குப் புண்ணியம்.

மேடம் அட்டையின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மெஷினெல்லாம் இங்கதான் இருக்கும். வகுப்பு இனி தினமும் வெச்சுக்கலாமா தம்பி?" என்று சின்ன சாரைக் கேட்டார். அவன் சந்தோஷத்தோடும் திகிலோடும் என் மகளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். போகும்போது மேடம் என் தம்பியின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் அழுக்கா இருந்தா தப்பில்லைங்க" என்றார்.

"மேடம்!" காரில் ஏறப் போனவரை என் மகள் ஓடிப்போய் மறித்தாள். "எங்க ஸ்கூல்ல ஒரு கம்ப்யூட்டர் உறைக்குள்ளயே இருக்கு. அதை ஏன் யாரும் திறக்கறதில்ல? சாவி ஏதாவது வேணுமா? நீங்க சொன்னா திறப்பாங்களா?"

கேள்விகள் திரும்பி வந்துவிட்டன. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நீராவிதான், வேறொன்றுமில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். பொய்தான், அழுதேன்.

மறுநாள் பிள்ளைகள் எல்லாப் பட்டன்களையும் பழையபடி கலைத்து மாட்டினார்கள். ஒரு கீபோர்டை மட்டும் என் மகள் தொடவிடவில்லை. "இது ஏ பி சி வரிசையிலயே இருக்கட்டும். அட்டவணை மாத்தியாச்சு. இது அம்மாவுக்கு" என்றாள்.

"எனக்கெதுக்குடி?" என்று எகிறினேன். கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். பின்னால் தம்பி, அடுத்தது தன் முறை என்று நின்றுகொண்டிருந்தான். தேடவேண்டியதே இல்லை, எழுத்தெல்லாம் வரிசையாக இருந்தது. ஒரு விரலால் அழுத்தினேன். என் பெயரின் முதல் எழுத்து கொடியில் தொங்கி ஆடியது. இன்னொன்று அழுத்தினேன். அதுவும் வந்து பக்கத்தில் தொங்கியது. இத்தனை வருஷம் ஊரார் துணியைக் காயப்போட்டிருக்கிறேன், என் பெயர் கொடியில் ஏறியது இதுதான் முதல் தடவை.

"ஏண்டி, நான் இங்க அழுத்துனா அது எப்படிடி அங்க போய்த் தொங்குது? உள்ள யாரு பாக்கறா? ரெண்டு பட்டனைச் சேத்து அழுத்துனா என்ன ஆகும்? இந்த நீளமான பட்டன் எதுக்கு?"

என் மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, குடைச்சல் குடுக்காதம்மா!"